புள்ளி போடாத சித்திரம்: திருகோணமலைக் கரையோரப் பாடசாலை ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகருக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு தமிழ்ப் பாடசாலையில், பாடசாலை விட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஒரு அறை திறந்திருக்கும். யாரும் வரலாம். எதையும் வரையலாம், ஒட்டலாம், பிசையலாம். புள்ளி கிடையாது. ஏற்பாடு முழுவதுமே இவ்வளவுதான். ஒன்பதாம் தரப் பிள்ளைகளின் வரவையும் மனநிலையையும் இந்த அறை எப்படி மாற்றியது, எதை மாற்றவில்லை, எந்த இரண்டு சந்தர்ப்பங்களில் காரியம் தலைகீழானது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கலை மனதுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். பரிசளிப்பு விழா மேடையில் சொல்லாத அதிதி இல்லை. ஆனால் எது நல்லது செய்கிறது என்று கேட்டால் பதில் மங்கலாகிவிடும். நான் பார்த்த அளவில் சொல்கிறேன்: பிள்ளை தானே தெரிவு செய்ததும், அதற்கு யாரும் புள்ளி போடாததும்தான் பாதி வேலையைச் செய்தன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சித்திரமும் ஒன்பது பாடத்தோடு பத்தாவது பாடம்.

நான் அந்தப் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பாக இருந்தவன். அறையை நடத்தியது சித்திர ரீச்சர். பாடசாலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளை எழுத்தால் மட்டும் குறிக்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

பின்னணி

இந்தப் பிள்ளைகள் போர் முடிந்தபின் பிறந்தவர்கள். ஷெல் சத்தம் கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததைக் கதையாகத்தான் அறிவார்கள். ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்கள் இரண்டையும் கண்டவர்கள். 2006இல் மூதூர்ப் பக்கம் சண்டை தொடங்கியபோது ஓடிவந்து, சொந்தக்காரர் வளவில் கொட்டில் போட்டு, அப்படியே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு. கடல் கொஞ்சம் இரைந்தாலே பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் அம்மாமார் இங்கே நிறையப் பேர். பிள்ளையிடம் ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டால் அதற்கே தெரியாது.

அதற்குமேல் கொரோனாக் காலத்தில் பாடசாலை மூடிக் கிடந்தது. அப்புறம் 2022. அந்த வருடம் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. பல தகப்பன்மார் கடனில் விழுந்ததும், சில தாய்மார் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். இதெல்லாம் வகுப்பறையில் எப்படித் தெரியும்? வருகைப் பதிவேட்டில் தெரியும். மேசையில் தலை வைத்துப் படுப்பதில் தெரியும். சின்ன விஷயத்துக்குக் கை நீட்டுவதிலும், பரீட்சை அன்று காலையில் வயிற்றுவலி வருவதிலும் தெரியும்.

ஒன்பதாம் தரம் ஒரு கவனிப்பாரற்ற வகுப்பு. ஐந்தாம் தரத்துக்குப் புலமைப்பரிசில் இருக்கிறது, பதினோராம் தரத்துக்குச் சாதாரண தரம் இருக்கிறது. பெற்றோரும் அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் அந்த இரண்டையும்தான் பார்ப்பார்கள். இடையில் நிற்கிற பிள்ளை நழுவிப்போனால் கேட்க ஆளில்லை. ஆறாம் தரத்திலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்றைப் படிக்க வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. சரி. ஆனால் தவணைப் பரீட்சை நெருங்கினால் கணித சேர் வந்து சித்திரப் பாடவேளையைக் கடனாகக் கேட்பார். அந்தக் கடன் திரும்பி வந்த சரித்திரம் எந்தப் பாடசாலையிலும் இருக்காது.

அறை

பிரதான மண்டபத்துக்குப் பின்னால், உடைந்த கதிரைகள் அடுக்கியிருந்த பழைய களஞ்சியம் அது. கதிரைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நிலத்தில் பாய் விரித்தோம். மேசை போடாதது திட்டமிட்டு அல்ல, மேசை இருக்கவில்லை. ஆனால் நிலத்தில் உட்கார்ந்ததால் வகுப்பறை என்ற நினைப்பே பிள்ளைகளுக்கு வரவில்லை என்று ரீச்சர் பிறகு சொன்னார்.

பிறிஸ்டல் போர்டும் வாட்டர் கலரும் விலை ஏறிக் கிடந்த நேரம். ஆகவே பழைய வினாத்தாள்களின் பின்பக்கம், சீமெந்துப் பையின் உள்தாள், பிஸ்கட் பெட்டி மட்டை என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தோம். அடுப்புக்கரி, மஞ்சள், செம்மண் கரைசல், குளத்துக் களி. புல்மோட்டையில் பெரியம்மா வீடு உள்ள ஒரு பிள்ளை சோடாப் போத்தலில் கறுப்பு மணல் கொண்டுவந்தது. இல்மனைட் என்ற கனிமம் கலந்த மணல். மட்டையில் பசை பூசி அதைத் தூவித் தட்டினால் வெளிச்சத்தில் மெல்லியதாக மினுங்கும். வெள்ளை மணலும் கறுப்பு மணலும் பக்கத்தில் பக்கத்தில் தூவி ஒருவன் இரவுக் கடல் செய்தான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அறை முழுக்க இரவுக் கடல்தான்.

விதி என்று சொல்ல மூன்றே இருந்தன. வரைவதும் சும்மா இருப்பதும் அவரவர் விருப்பம். 'இது என்ன?' என்று பெரியவர்கள் கேட்கக்கூடாது. மற்றவர் படத்தில் கை வைக்கக்கூடாது. ரீச்சர் சுற்றிவந்து திருத்தவில்லை. தானும் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் படத்தை வரைந்தார். பிள்ளைகளுக்கு இது புதினமாக இருந்தது. ரீச்சர்மார் கரும்பலகையில் கீறிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். பிழையாகக் கீறிவிட்டு நாக்கைக் கடிப்பதைப் பார்த்ததில்லை.

முதல் வாரங்களில் வந்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி: கோணேசர் மலை, பின்னால் சூரிய உதயம், முன்னால் ஒரு படகு. போட்டிக்கென்று கீறிப் பழகிய படம் அது. இதில் ஒரு வேடிக்கை. இந்த ஊரில் புள்ளிமான் கடைத்தெருவில் திரியும், கோட்டைக்குள் கூட்டமாகப் படுத்திருக்கும், டச்சு விரிகுடாக் கரையில் குப்பை கிளறும். ஆனால் மான் வரையச் சொன்னால் பிள்ளைகள் கலண்டர் மானைத்தான் வரைந்தார்கள். பச்சைப் புல், பின்னால் அருவி. பொலித்தீன் பையை மெல்லுகிற உண்மையான மான் அறைக்குள் வர இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அது வந்த அன்று எல்லோரும் எழும்பிப் போய்ப் பார்த்தார்கள்.

'க'

'க' ஒன்பதாம் தரம். தகப்பன் கரைவலைத் தொழிலாளி. கச்சான் காற்று வீசி கடல் படுத்துக் கிடக்கும் மாதங்களில் விடியப்புறம் வலை இழுக்கத் தகப்பனோடு போவான். பங்குக் காசு கொஞ்சம் கையில் வரும். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் பாடசாலைக்கு வருவான், வந்தாலும் நித்திரை. வாசிப்பு ஐந்தாம் தரப் பிள்ளையின் வாசிப்பு. யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால் அடிதான். இரண்டு முறை என்னிடம் கூட்டிவந்தார்கள். இரண்டு முறையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறைக்கு அவன் வந்தது ஒரு கூட்டாளியைத் தேடி. வந்தவன் வரையவில்லை. பிளேட் ஒன்றை எடுத்து மற்றவர்களுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தான். மெசினில் சீவியதைவிட நீளமான, ஊசி மாதிரி முனை. பல வாரங்கள் அவன் செய்தது அது மட்டும்தான். வழக்கமான வகுப்பாக இருந்தால் "என்ன சும்மா இருக்கிறாய்?" என்று யாராவது கேட்டிருப்போம். இங்கே சும்மா இருப்பதும் விதிக்குள் அடங்கும். ரீச்சர் தன் பென்சிலையும் அவனிடமே கொடுத்தார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் ரீச்சர் படகும் வலையும் கீறிக்கொண்டிருந்தார். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், வலைக்கண் இப்பிடி வராது" என்றான். ரீச்சர் கட்டம் கட்டமாக, கொப்பித்தாள் கோடு மாதிரிக் கீறியிருந்தார். தொங்கும்போது கண் இழுபட்டுச் சாய்சதுரமாக நிற்கும், மேலே நெருங்கியும் கீழே அகன்றும் இருக்கும் என்று அவன் விளக்கினான். சொல்லிப் புரியாமல் அடுத்த முறை ஒரு துண்டு வலையையே கொண்டுவந்தான். அதை மட்டையில் இழுத்துக் கட்டி, கரியும் பசையும் கலந்த மையைப் பூசி, தாளின்மேல் வைத்துக் கையால் அழுத்தினான். வலையின் அச்சு விழுந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியாக. வழுக்கலான ஒற்றை இழைத் தங்கூசி வலையில் மை நிற்காது என்று அவனாகவே கண்டுபிடித்து நைலோன் நூல் வலைக்கு மாறினான். மடித்து வைத்தால் எப்படி, சுருக்கி வைத்தால் எப்படி, இரண்டு அளவுக் கண்ணை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எப்படி என்று மாதக்கணக்கில் அவனுக்கு அதே வேலை.

அந்த அறையில் வலை பற்றி அவனைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. வகுப்பில் கடைசியாக நிற்பவனிடம் ரீச்சரே வந்து சந்தேகம் கேட்டார். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980களிலிருந்து சொல்லிவருகிற ஒரு கோட்பாடு உண்டு: ஊக்கம் உள்ளிருந்து வர மனிதருக்கு மூன்று வேண்டும், தன் விருப்பப்படி செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. 'க'வுக்குப் பாடவேளைகளில் இந்த மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. களஞ்சிய அறையில் மூன்றும் கிடைத்தன. வலையின் இடத்தில் சைக்கிள் திருத்துவதையோ கிரிக்கெட்டையோ வைத்தாலும் இது நடந்திருக்கலாம். ஆனால் சைக்கிள் திருத்துவதற்குச் சரி, பிழை உண்டு. அச்சுப் படத்துக்கு அது இல்லை. தோற்றுத் தோற்றுக் களைத்த பிள்ளைக்கு அதுதான் முதல் வாசல்.

அறை திறக்கிற நாள்களில் அவன் பாடசாலைக்கு வரத் தொடங்கினான். பிறகு மற்ற நாள்களிலும். அடிதடி குறைந்தது. வாசிப்பு? பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் 42 பாடசாலைகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. கலைச் செயற்பாடுகள் கூட்டப்பட்ட பாடசாலைகளில் ஒழுக்கம் சார்ந்த தண்டனைகள் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தன. எழுத்துத் தேர்வுப் பெறுபேறு கொஞ்சம் உயர்ந்தது, மற்றவர்மீதான பரிவும் சற்றுக் கூடியது. கணிதமும் வாசிப்பும் குறிப்பிடும்படி உயரவில்லை. எங்கள் அறையில் கண்டதும் ஏறத்தாழ அதுதான். சித்திரம் கீறினால் கணிதம் வரும் என்று பெற்றோருக்குச் சொல்லி அறைக்கு ஆதரவு தேடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணிதம் வராதபோது அறையையும் மூடச் சொல்வார்கள்.

'ம'

'ம' வேறு மாதிரி. புலமைப்பரிசில் சித்தியடைந்தவள், வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருபவள். தாய் குவைத்தில். அம்மம்மாவோடு இருக்கிறாள். தவணைப் பரீட்சைக்கு முந்திய நாள் தலையிடி, பரீட்சை அன்று சத்தி. வைத்தியரிடம் காட்டினார்கள், உடம்பில் ஒன்றுமில்லை என்றார்.

நன்றாக வரைவாள். அதுதான் சிக்கலும். ஒரு கோடு போடுவாள், அழிப்பாள், திரும்பப் போடுவாள். தாள் மெலிந்து கிழியும் வரை அழிறப்பர் நிற்காது. ஒவ்வொரு கோட்டுக்கும் "ரீச்சர், இது சரியா?" என்று கேட்பாள். ரீச்சர் "எனக்குத் தெரியாதே, பிள்ளைதான் சொல்ல வேணும்" என்பார். முதலில் அவளுக்கு இது எரிச்சலாகக்கூட இருந்தது.

அவளுக்குப் பிடி கிடைத்தது கோலத்தில். புள்ளி வைத்து, வளைத்து, திரும்பத் திரும்ப ஒரே வடிவம். சீமெந்துத் தாளில் கரியால் போட்டால் அழிக்க வராது, தேய்த்தால் அழுக்காகும். ஆகவே பிழை வந்தால் அந்தப் பிழையையே அடுத்த சுற்றிலும் போட்டு அதை வடிவமாக்கிக்கொள்ளப் பழகினாள். இதை ரீச்சர் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 84 கல்லூரி மாணவரைப் பயமுறுத்தும் நிகழ்வொன்றை நினைத்துப் பார்க்கச் சொல்லி, பிறகு வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். வட்ட மண்டல வடிவத்துக்கோ கட்டம்போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களின் பதற்றம், வெறும் தாள் கிடைத்தவர்களின் பதற்றத்தைவிட அதிகம் குறைந்தது. ஒழுங்கான வடிவம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது, அடுத்து என்ன என்று யோசிக்க வைப்பதில்லை. மார்கழி மாதம் வாசலில் குனிந்து கோலம் போடும் எந்த அம்மம்மாவையும் கேட்டுப் பாருங்கள், அந்த அரைமணி நேரம் யாரும் தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பார்.

வரையும்போது உடம்பிலும் ஏதோ நடக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பெரியவர்கள் 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டல் என்று விரும்பியதைச் செய்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஓமோன் குறைந்திருந்தது. ஏற்கெனவே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இருக்கவில்லை. ஆய்வு சின்னது, ஒப்பிட வேறு குழுவும் இருக்கவில்லை. ஆனாலும் கடைசி விஷயம் எங்களுக்குப் பெரிய உதவி. "எனக்குக் கீற வராது சேர்" என்று வாசலில் நிற்கும் பிள்ளையிடம் தைரியமாகச் சொல்லலாம்: வரவேண்டிய அவசியமில்லை.

இனிச் சறுக்கிய இடம். உளநல நிகழ்ச்சி ஒன்றுக்காக வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள். பிள்ளைகளை வட்டமாக இருத்தி, உங்கள் வாழ்க்கையில் மிகவும் கவலையான நாளை வரையுங்கள் என்றார்கள். 'ம' விமான நிலையத்தை வரைந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய், இந்தப் பக்கம் தான். பாதியில் அழத் தொடங்கி நிறுத்த முடியாமல் போய்விட்டது. குழு மாலையில் தங்கள் வாகனத்தில் ஏறிப் போய்விட்டது. அவள் அதற்குப் பிறகு பல வாரம் அறைப் பக்கம் வரவில்லை. அடுத்த தவணைப் பரீட்சையில் சத்தி திரும்பி வந்தது.

உள்ளே கிடப்பதை வெளியே கொட்டினால் பாரம் குறையும் என்பது எல்லோருக்கும் பிடித்த நம்பிக்கை. பிள்ளைகள் விஷயத்தில் அது எப்போதும் சரிவருவதில்லை. ஜெனிபர் டிரேக், எலன் வின்னர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ஒரு கவலையான சம்பவத்தை நினைக்கச் சொன்னார்கள். பிறகு சிலர் அதே சம்பவத்தை வரைந்தார்கள், சிலர் சம்பந்தமே இல்லாமல் ஒரு வீட்டை வரைந்தார்கள். மனநிலை அதிகம் தேறியது வீடு வரைந்தவர்களுக்கு. நம் நாட்டிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட 399 பாடசாலைப் பிள்ளைகளோடு செய்த ஆய்வு 2012இல் வெளியானது. நாடகம், சித்திரம், விளையாட்டு எல்லாம் கலந்த 15 அமர்வுகள். நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண் பிள்ளைகள் சிலவற்றில் தேறினார்கள். ஆனால் மனவடு அறிகுறிகளைப் பார்த்தால், நிகழ்ச்சியில் சேர்ந்த பெண் பிள்ளைகளைவிடச் சேராமல் காத்திருந்த பெண் பிள்ளைகள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஏன் என்பதற்குப் பல விளக்கம் சொல்லலாம். எனக்கு அதில் கிடைத்த பாடம் ஒன்றுதான்: காயத்தைத் தொடும் வேலையை, தொட்டபிறகு கூடவே இருக்கக்கூடியவர் மட்டும் செய்யட்டும்.

மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதற்கு நல்ல மாதிரி. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஊர்களிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து, மரத்தடியில் களிமண்ணோடும் கதையோடும் விளையாட விட்டார்கள். ஒரு நாள் நிகழ்ச்சியாக இல்லை, மாதக்கணக்கில். பிள்ளைக்குச் சொல்ல இருந்தால் அதன் நேரத்தில் அது சொல்லும்.

'ம'வைத் திரும்பக் கொண்டுவந்தது நானோ ரீச்சரோ அல்ல. 'க'தான். வலை அச்சு ஒன்றின்மேல் கோலம் போட ஆள் தேவை என்று கேட்டு அனுப்பினான். கண் வடிவத்துக்குள் புள்ளிக் கோலம் பொருந்துமா என்று அவனுக்குச் சந்தேகம். பொருந்தவில்லை. இரண்டு பேரும் நெடுநேரம் சண்டை பிடித்தார்கள்.

பரிசளிப்பு விழா

அறைக்கு நல்ல பெயர் வந்ததும் எதிர்பார்த்தது நடந்தது. பரிசளிப்பு விழாவில் சிறந்த மூன்று படங்களுக்குப் பரிசு என்று முடிவாகிவிட்டது. எங்களைக் கேட்கவில்லை. அறிவித்த வாரத்திலேயே அறையின் முகம் மாறிப்போனது. கோணேசர் மலையும் சூரிய உதயமும் திரும்பி வந்தன. பிள்ளைகள் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வரைந்தார்கள். சிலர் வராமல் விட்டார்கள். 'க' வாசலில் நின்று, "சேர், இதுக்கும் புள்ளியா?" என்று கேட்டான்.

1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் செய்த பரிசோதனையை ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படித்திருப்போம், பரீட்சையோடு மறந்திருப்போம். வரைய ஆசைப்பட்ட சின்னப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பொன் நட்சத்திரமும் ரிபனும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தும் விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துச் சும்மா விளையாடும் நேரத்தில் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் வரையச் செலவழித்த நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதி. எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை. முன்கூட்டிச் சொன்ன பரிசு, ஆசையை வேலையாக்கிவிடுகிறது.

ரீச்சர் அதிபரிடம் பேசினார். பரிசு என்று மேடையில் அறிவித்ததை எடுக்க முடியாது என்றார் அதிபர், அதுவும் நியாயம்தான். கடைசியில், பரிசை வகுப்புப் பாடச் சித்திரத்துக்கு மாற்றிவிட்டு, அறைப் படங்களை விழா அன்று மண்டபத்தின் பின்சுவரில் பெயர் போடாமல் தொங்கவிடுவது என்று முடிவானது. தொங்கவிட விருப்பமில்லாதவர் கொடுக்கத் தேவையில்லை. அன்று 'க'வின் தகப்பன் வந்திருந்தார். பெயர் இல்லாத வலை அச்சுக்கு முன்னால் நின்று, இது ரெண்டு விரல் கண், இது ஒண்டரை விரல் கண் என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் செய்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்

இந்த ஆய்வை வாசிக்கிற கெட்டிக்காரர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வியை நானே கேட்கிறேன். 'க'வின் வரவு கூடியது ஐப்பசியிலிருந்து. ஐப்பசியில் வாடை தொடங்கும், கடல் முரடாகும், கரைவலை நிற்கும். அவன் பாடசாலைக்கு வந்தது படத்துக்காகவா, கடலில் வேலை இல்லாததாலா? எங்கள் கரையோரப் பாடசாலைகளில் ஒவ்வொரு மாரியிலும் வரவு கூடும். இதைக் கவனிக்காமல் ஒரு திட்டத்தை ஆனியில் தொடங்கி மார்கழியில் அறிக்கை எழுதினால் எந்தத் திட்டமும் வெற்றிதான்.

ஆகவே அடுத்த சித்திரைக்காகக் காத்திருந்தோம். கடல் அடங்கியது, வலை இறங்கியது. 'க' திரும்பவும் வலைக்குப் போனான். ஆனால் பழையபடி போகவில்லை. அறை திறக்கிற நாள்களில் வலைக்கு வரமாட்டேன் என்று தகப்பனோடு பேசித் தீர்த்துக்கொண்டான். மற்ற நாள்களில் வலை முடித்துவிட்டு, உப்புத்தண்ணி காயாத தலையோடு பிந்தியாவது வந்தான். முந்திய கச்சான் காலத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவான மாற்றம். மாரிக் காலத்தோடு ஒப்பிட்டால் குறைவு. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். இது ஒரே பாடசாலை, ஒப்பிடுவதற்கு அறை இல்லாத இன்னொரு வகுப்பு எங்களிடம் இல்லை, பார்த்தவர்களும் நடத்தியவர்களும் நாங்களே. 'ம'வின் பரீட்சைச் சத்தி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்த வருடம் தாய் ஒவ்வொரு இரவும் வீடியோ அழைப்பு எடுக்கத் தொடங்கியதும் ஒரு காரணமாக இருக்கும். அறையை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வராத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வேறு ஏதோ தேவைப்பட்டிருக்கிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு

காசு பெரிய தடையில்லை. பசையும் சில தூரிகைகளும்தான் வாங்கியவை. தடை நேரம்தான். ரியூசனுக்குப் போக வேண்டிய பிள்ளை பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் தங்குவதற்கு வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். அதற்குப் பெற்றோர் கூட்டத்தில் பேசுவதைவிட அம்மம்மாமாரை ஒரு நாள் அறைக்கே கூப்பிட்டுக் கோலம் போட வைப்பது பலன் தந்தது. இரண்டு பெரியவர்கள் எப்போதும் அறையில் இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும். படங்களைப் பிள்ளையைக் கேட்காமல் முகப்புத்தகத்தில் போடக்கூடாது, எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும்.

படத்தைப் பார்த்து நோய் கண்டுபிடிக்க முயல வேண்டாம். கறுப்பு நிறம் என்றால் சோகம், கதவில்லாத வீடு என்றால் தனிமை என்று சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அறையில் கறுப்பு அதிகமாக இருந்தது கரி இலவசம் என்பதால். ஆனால் பிள்ளை வாய் திறந்து ஏதாவது சொன்னால், தன்னைக் காயப்படுத்துவதாகவோ வீட்டில் யாராவது துன்புறுத்துவதாகவோ தெரிந்தால், அது சித்திர அறையின் வேலை இல்லை. சிறுவர் பாதுகாப்புக்கு 1929, உளநல உதவிக்கு 1926 என்ற இலவச இலக்கங்கள் இருக்கின்றன. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரில் அனுப்பலாம். இந்த இலக்கங்களை அறையின் கதவுக்கு உள்பக்கத்தில் கோலத்துக்கு நடுவில் எழுதி வைத்திருந்தோம். 'ம' எழுதியது.

இப்போது

இரண்டு பேரும் பத்தாம் தரத்துக்குப் போய்விட்டார்கள். 'ம' சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்தாள். 'க' எடுக்கவில்லை. சித்திரத்துக்கும் எழுத்து வினாத்தாள் இருக்கிறது, சீகிரியாவும் அஜந்தாவும் வாசித்துப் பாடமாக்க வேண்டும், அது தனக்கு ஒத்துவராது என்றான். அறைக்கு மட்டும் வருகிறான், புதிதாக வரும் ஏழாம் தரப் பொடியன்களுக்குப் பென்சில் சீவக் காட்டிக் கொடுக்கிறான்.

அறையைப் பாடசாலை நேரத்துக்குள் கொண்டுவந்து நேரசூசியில் போடலாமா என்று அதிபர் கேட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். போட்டால் ரீச்சருக்குப் பாடவேளைக் கணக்கு வரும், பிள்ளைகள் பின்னேரம் தங்கத் தேவையில்லை. ஆனால் நேரசூசியில் ஏறுகிற எல்லாவற்றுக்கும் தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கையில் ஒரு கட்டம் வரும், அதில் ஓர் இலக்கம் எழுதத்தான் வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட அனுமதி கிடைத்தால் சம்மதம் என்று ரீச்சரும் நானும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை பின்னேரம்தான்.